மீதி ஆறு நாட்கள்: இரண்டு வேதநாயகங்களின் கதை

செமஸ்டர் பரீட்சை ஒருவழியாக முடிந்தது. கம்பெனி சட்டத்தையும் காஸ்ட் அக்கவுன்டிங்கையும் கொஞ்ச நாள் மூட்டை கட்டி வைத்துவிட்டு, ரொம்ப நாளாக எழுத நினைத்த ஒரு விஷயத்தை இன்று எழுதிவிடுகிறேன். பதிவு கொஞ்சம் நீளம். பொறுமை இருப்பவர்கள் டீயை எடுத்துக்கொண்டு உட்காரவும்.

தமிழ்க் கிறிஸ்தவர்களின் வரலாற்றைப் புரட்டினால் வேதநாயகம் என்ற பெயரில் இரண்டு பெரிய மனிதர்கள் வருகிறார்கள். ஒருவர் தஞ்சை வேதநாயகம் சாஸ்திரியார் (1774–1864). இன்னொருவர் மாயூரம் முன்சீப் வேதநாயகம் பிள்ளை (1826–1889). முதலாமவர் புராட்டஸ்டன்ட், இரண்டாமவர் கத்தோலிக்கர். முதலாமவர் பாட்டுக்காரர். இரண்டாமவர் கோர்ட்டில் தீர்ப்பு எழுதியவர், அவரும் பாட்டு எழுதினார். இருவரும் காவிரிக் கரையில்தான் வாழ்ந்தார்கள். பெயர் ஒன்றாக இருப்பதால் ஒருவர் செய்ததை இன்னொருவர் தலையில் ஏற்றி வைக்கிறவர்கள் நிறைய பேர்.

இவர்களைப் பற்றி எழுதக் காரணம் பெயர்ப் பொருத்தம் மட்டும் இல்லை. நம் நெய்வேலியில் மைன்ஸும் அனல் மின் நிலையமும் ஞாயிற்றுக்கிழமை என்று நிற்பதில்லை. வேலை மூன்று ஷிஃப்டாக ஓடிக்கொண்டே இருக்கும். டவுன்ஷிப்பில் கோயில், சர்ச், மசூதி எல்லாம் உண்டு. ஆனால் ஷிஃப்டில் இருக்கிற ஒருவருக்கு வாரத்தில் ஒரு மணி நேரம் சர்ச்சில் உட்காரக் கிடைத்தாலே பெரிய விஷயம். அப்படியானால் மீதி நேரத்தில் பக்தி எங்கே இருக்கிறது? "துதி" என்பது ஞாயிறு காலைக்கு மட்டும் உரியதா? இந்தக் கேள்விக்கு இரண்டு வேதநாயகங்களும் இரண்டு விதமாகப் பதில் சொல்லியிருக்கிறார்கள். ஒருவர் வேலைக்குள் துதியைக் கொண்டுபோனார். மற்றவர் வேலையையே துதி ஆக்கப் பார்த்தார்.

ஏற்றத்தில் ஏறிய வேதம்

சாஸ்திரியார் பிறந்தது திருநெல்வேலிச் சீமை. சிறுவனாக இருந்தபோதே ஸ்வார்ட்ஸ் என்ற ஜெர்மன் பாதிரியார் அவரைத் தஞ்சாவூருக்கு அழைத்து வந்தார். அதே ஸ்வார்ட்ஸின் பாதுகாப்பில் வளர்ந்த இன்னொரு பையன், பின்னாளில் தஞ்சை அரசரான சரபோஜி. கவிஞருக்கும் அரசருக்கும் மூன்று வயதுதான் வித்தியாசம். சாஸ்திரியார் தரங்கம்பாடியிலும் படித்தார். 1706-ல் சீகன்பால்கு வந்து இறங்கி, தமிழில் புதிய ஏற்பாட்டை அச்சடித்த ஊர் அது. அங்கே பைபிளோடு ஐரோப்பிய வானியலும் பூகோளமும் படித்து முடித்து, இளம் வயதிலேயே தஞ்சையில் ஆசிரியராகிவிட்டார்.

அவர் எழுதியவற்றில் ரொம்பப் பிரபலமானது 1800-ஐ ஒட்டி வந்த "பெத்லகேம் குறவஞ்சி". குறவஞ்சி என்றால் நமக்குத் தெரியும்: தலைவி காதலில் வாடுவாள், குறத்தி வந்து குறி சொல்வாள், சிங்கன் பறவை பிடிப்பான். சாஸ்திரியார் அந்தச் சட்டத்தை அப்படியே எடுத்துக்கொண்டார். தலைவி தேவமோகினி என்பவள் திருச்சபை. குறி சொல்லும் குறத்தி விசுவாசம். பறவை பிடிக்கிற சிங்கனும் நூவனும் மனிதரைப் பிடிக்கிற ஊழியக்காரர்கள். நடுவில் சூரியனைக் கிரகங்கள் சுற்றுகிற புதிய வானியலையும் பாட்டாக நுழைத்துவிட்டார். கோயில் வாசலிலும் அரண்மனையிலும் ஆடிய ஒரு கலைக்குள் பைபிளும் கோப்பர்நிக்கஸும் ஒன்றாக வந்து உட்கார்ந்தது அப்போதுதான்.

எனக்கு அதைவிடப் பிடித்தது அவருடைய மற்றப் பாட்டுகளின் பட்டியல். ஞான ஏற்றப்பாட்டு, ஞானக் கும்மி, நோவா பேழை கட்டியதைத் தச்சு வேலையாகப் பாடும் ஞானத் தச்ச நாடகம். மூடநம்பிக்கைகளைக் கிண்டல் செய்ய ஒரு சாஸ்திரக் கும்மி வேறு. வயல், பட்டறை, பெண்கள் கூடிக் கும்மியடிக்கும் இடம் என்று ஜனங்கள் ஏற்கெனவே எங்கெல்லாம் பாடிக்கொண்டிருந்தார்களோ அங்கெல்லாம் தன் பாட்டை அனுப்பப் பார்த்திருக்கிறார்.

ஏற்றப்பாட்டை மட்டும் கொஞ்சம் விளக்குகிறேன். ஏற்றம் பார்க்காத தலைமுறை நாம். கிணற்றோரம் ஒரு கம்பம், அதன் மேல் நீளமான ஒரு மரம். அந்த மரத்தின் மேல் ஆள் முன்னும் பின்னும் நடக்க நடக்கச் சால் இறங்கும், ஏறும். கீழே நிற்பவர் சாலைப் பிடித்துத் தண்ணீரை வாய்க்காலில் கவிழ்ப்பார். பாட்டு அங்கே பொழுதுபோக்கு இல்லை. மேலே நடப்பவருக்கும் கீழே நிற்பவருக்கும் தாளம் சேரவேண்டும், எத்தனை சால் இறைத்தோம் என்ற கணக்கும் தப்பக்கூடாது. இரண்டையும் பாட்டுதான் பார்த்துக்கொள்ளும். எண்ணிக்கை பாட்டுக்குள்ளேயே வரும். சாஸ்திரியார் அந்தக் கணக்குப் பாட்டில் வேத வரலாற்றை ஏற்றினார். நம் ஊரில் நிலக்கரி எடுப்பதற்காக நிலத்தடி நீரை ராட்சத பம்புகள் இரவு பகலாக இறைத்துக்கொண்டே இருக்கின்றன, பம்புக்குப் பாட்டு தேவையில்லை. மனிதன் இறைத்த காலத்தில் தேவைப்பட்டது.

ஒரு கதை சொல்வார்கள். அரசர் சரபோஜி இந்துக் கடவுள் மேல் பாடச் சொன்னபோது சாஸ்திரியார் மறுத்து, தன் இயேசுவை மட்டுமே பாடுவேன் என்று நின்றாராம். அரசரும் கோபித்துக்கொள்ளவில்லையாம். கதையின் ஒவ்வொரு விவரமும் நடந்ததோ இல்லையோ, அரசர் அவரைக் கடைசிவரை ஆதரித்தது உண்மை.

பாட்டும் பாயும்

இங்கேதான் கதை சிக்கலாகிறது. சாஸ்திரியாரைப் பற்றி எழுதுகிற பலர் இந்தப் பகுதியைத் தாண்டிக் குதித்துவிடுகிறார்கள்.

1820-களில் தஞ்சைக்குப் புதிய தலைமுறை மிஷனரிகள் வந்தார்கள். ஸ்வார்ட்ஸ் காலத்தவர்கள் போல விட்டுப்பிடிக்கிறவர்கள் இல்லை. சர்ச்சுக்குள் வெள்ளாளக் கிறிஸ்தவர்கள் ஒரு பக்கமும் பறையர் கிறிஸ்தவர்கள் இன்னொரு பக்கமும் தனித்தனியாக உட்கார்ந்தார்கள். நற்கருணை வாங்கும்போதும் முன்னவர்களுக்கு முதலில், மற்றவர்களுக்குப் பிறகு. புதியவர்கள் இதை ஒழிக்கவேண்டும் என்றார்கள். ஆனால் அதே வேகத்தில் தமிழ்ப் பாட்டையும், கல்யாணத்தில் பூ வைப்பதையும் சேர்த்து ஒழிக்கப் பார்த்தார்கள். பழகிய பைபிள் மொழிபெயர்ப்பையும் மாற்றினார்கள்.

சாஸ்திரியார் கொதித்தெழுந்தார். புதியவர்கள் செய்யும் கொடுமைகள் நான்கு என்று பட்டியலிட்டு எழுதினார்: வேதப் புத்தகத்தை மாற்றியது, சாதிகளை ஒன்றாக உட்காரச் சொன்னது, பூவைத் தடுத்தது, தமிழ்ப் பாட்டை நிறுத்தியது. 1829-ல் சாதியைத் திருத்த முயல்வது பைத்தியக்காரத்தனம் என்றே தனியாக ஒரு நூல் எழுதினார். ஹௌப்ரோ என்ற மிஷனரியோடு மோதல் முற்றி, மிஷன் வேலையும் போயிற்று. கிறிஸ்தவர்கள் வேலையை விட்டு நீக்கிய கிறிஸ்தவக் கவிஞரை அரண்மனையில் கவிஞராக வைத்துக்கொண்டவர் இந்து அரசர் சரபோஜி!

அந்த நான்கு கொடுமைகளை இன்று படிக்கும்போது எனக்கு மூன்றில் சாஸ்திரியார் பக்கம் நிற்கத் தோன்றுகிறது. பூவில் என்ன பாவம்? தமிழ்ப் பாட்டு என்ன குற்றம் செய்தது? பழகின பைபிளைத் திடீரென்று மாற்றினால் யாருக்கும் எரிச்சல் வரும். ஆனால் இரண்டாவது? ஏற்றம் இறைத்தவர்கள் யார்? தஞ்சை ஜில்லாவில் வயலில் இறங்கி உழைத்தவர்களில் பெரும்பாலோர் பள்ளரும் பறையரும்தான். அவர்கள் தொழிலின் தாளத்தை எடுத்துத் துதிப்பாட்டு எழுதிய கவிஞர், அவர்கள் தன்னோடு ஒரே பாயில் உட்காருவதை மட்டும் கொடுமை என்றார். பாட்டு வந்து சேர்ந்தது, பாட்டுக்குச் சொந்தக்காரர் வந்து சேரக்கூடாது.

அந்தக் காலத்து மனிதர், மன்னித்துவிடலாம் என்று சிலர் சொல்வார்கள். ஆனால் அதே காலத்தில், அதே ஊரில், அதே பைபிளை வைத்துக்கொண்டு "இது தப்பு" என்று சொன்னவர்களும் இருந்தார்கள். 1833-ல் கல்கத்தா பிஷப் டேனியல் வில்சன், சபைக்குள் சாதி வேற்றுமை அடியோடு போகவேண்டும் என்று கடிதம் எழுதினார். அதை ஏற்காமல் சபையை விட்டு வெளியேறியவர்கள் உண்டு. அந்தப் பக்கத்தில் காத்திருந்தவர்களும் உண்டு. பின்னால் உட்கார வைக்கப்பட்டவர்களுக்கு அது "அந்தக் காலம்" இல்லை, ஒவ்வொரு ஞாயிறும் அனுபவித்த நிகழ்காலம்.

என் பார்வையில் இரண்டு தரப்பும் ஒரே தப்பைச் செய்தது. பாட்டு, பூ, சாதி மூன்றையும் ஒரே மூட்டையாகக் கட்டியது. மிஷனரிகள் மூட்டையோடு வெளியே எறியப் பார்த்தார்கள். சாஸ்திரியார் மூட்டையோடு காப்பாற்றப் பார்த்தார். அவிழ்த்துப் பார்த்து, இது இருக்கட்டும், இது போகட்டும் என்று பிரிக்க யாரும் உட்காரவில்லை.

காலம் கொஞ்சம் பிரித்தது. 1853-ல் எட்வர்ட் வெப் என்ற அமெரிக்க மிஷனரி, மதுரை மிஷனுக்காகத் தமிழ்க் கீர்த்தனைகளைத் தொகுத்து அச்சிட்டார். அதில் சாஸ்திரியார் பாடல்கள் நிறைய. தஞ்சையில் விரட்டப்பட்ட பாட்டு மதுரை வழியாகச் சர்ச்சுக்குள் திரும்பி வந்தது. இன்றும் தமிழ்ச் சபைகளில் கீர்த்தனை என்றால் அவர் பெயர் வராமல் இருக்காது. சாதி மட்டும் அவ்வளவு சுலபமாக வெளியே போகவில்லை. தனிக் கல்லறை, தனித் தெரு என்று இன்றும் செய்திகள் வந்துகொண்டுதான் இருக்கின்றன.

மேசைக்குப் பின்னால் ஒரு பக்தர்

இப்போது இரண்டாவது வேதநாயகம். திருச்சிக்குப் பக்கத்தில் குளத்தூரில் பிறந்தவர். 1848-ல் திருச்சி கோர்ட்டில் ரிக்கார்டு கீப்பர், பிறகு மொழிபெயர்ப்பாளர், 1857-ல் தரங்கம்பாடியில் முன்சீப். பிறகு சீர்காழி, மாயூரம். நெய்வேலியிலிருந்து வடலூர், சிதம்பரம் வழியாகத் தெற்கே போனால் சீர்காழி, வைத்தீஸ்வரன் கோயில், மாயூரம் என்கிற மயிலாடுதுறை. இந்த ரூட்டில் பஸ்ஸில் போகிறவர்கள் அவர் நடமாடிய ஊர்கள் வழியாகத்தான் போகிறீர்கள்.

அவரைத் தமிழின் முதல் நாவலான "பிரதாப முதலியார் சரித்திரம்" (1879) எழுதியவர் என்று பள்ளிக்கூடத்தில் ஒரு மார்க் கேள்வியாகப் படித்திருப்போம். நான் சொல்ல வருவது அவருடைய ஆபீஸ் வாழ்க்கையை.

அந்தக் காலத்து அரசாங்க ஆபீஸ் எப்படி இருந்தது? 1855-ல் சென்னை மாகாணத்தில் ஒரு விசாரணைக் குழு அறிக்கை கொடுத்தது. வரி வசூலிக்கக் கீழ்நிலை ஊழியர்கள் ஜனங்களைச் சித்திரவதை செய்ததைப் பற்றிய அறிக்கை அது. அடியும் லஞ்சமும் நிர்வாகத்தின் பகுதியாகவே இருந்த காலம். கோர்ட்டிலோ சட்டம் இங்கிலீஷில். வழக்குப் போட்டவருக்குத் தன் வழக்கில் என்ன பேசுகிறார்கள் என்றே புரியாது. புரியாத இடத்தில் இடைத்தரகருக்குக் கொண்டாட்டம்.

முன்சீப் இரண்டு காரியம் செய்தார். ஒன்று, 1805 முதல் 1861 வரையான மேல்கோர்ட்டுத் தீர்ப்புகளைச் சுருக்கித் தமிழில் மொழிபெயர்த்து "சித்தாந்த சங்கிரகம்" என்று 1862-ல் வெளியிட்டார். யோசித்துப் பாருங்கள், பகல் முழுக்க வழக்கு கேட்டுவிட்டு ராத்திரி விளக்கில் உட்கார்ந்து ஐம்பத்தாறு வருஷத் தீர்ப்புகளைத் தமிழாக்குவது! யாரும் அவரிடம் கேட்ட வேலை இல்லை. கோர்ட்டு நடவடிக்கை தமிழில் நடக்கவேண்டும் என்பதைத் தன் நாவலில்கூட விடாமல் வலியுறுத்தினார். இரண்டு, லஞ்சத்தை எதிர்த்தார். 1859-ல் வந்த அவருடைய "நீதிநூல்" என்ற செய்யுள் நூலில் கைக்கூலிக்கென்றே தனிப் பகுதி உண்டு. தானும் கை சுத்தமாக இருந்தார் என்பதுதான் அவரைப் பற்றிய எல்லாக் குறிப்புகளும் சொல்வது.

சில மாதங்களுக்கு முன் ஒரு சான்றிதழுக்காக ஓர் அலுவலகத்துக்குப் போயிருந்தேன். மேசைக் கண்ணாடிக்கு அடியில் சாமி படங்கள், பக்கத்தில் ஊதுபத்தி. எதிரே உட்கார்ந்திருந்தவர் பயபக்தியோடு கண்ணில் ஒற்றிக்கொண்டு ஃபைலைத் திறந்தார். திறந்தபடியே, "டீ செலவுக்கு ஏதாவது பார்த்துச் செய் தம்பி" என்றார். அவருக்கு இரண்டும் முரணாகவே தெரியவில்லை. கும்பிடுவது ஒரு கணக்கு, வாங்குவது வேறு கணக்கு. இரண்டு லெட்ஜர், இரண்டும் ஒருபோதும் டேலி ஆகத் தேவையில்லை! முன்சீப் வேதநாயகத்தை நினைத்தால் இந்த இடத்தில்தான் எனக்கு ஆச்சரியம். அவரிடம் ஒரே லெட்ஜர்தான் இருந்தது.

தாது வருஷம்

1876 முதல் 1878 வரை வந்த பஞ்சத்தைத் "தாது வருஷப் பஞ்சம்" என்று நம் பாட்டிகள் காலம்வரை சொல்வார்கள். தென்னிந்தியா முழுக்க ஐம்பது லட்சத்துக்கும் மேலான ஜனங்கள் செத்தார்கள். மழை பொய்த்தது முதல் காரணம். ஆனால் கொடுமையை அதிகமாக்கியது கணக்கு. எகனாமிக்ஸ் வகுப்பில் படிக்கிற அதே "சந்தையில் அரசாங்கம் கை வைக்கக்கூடாது" என்ற கொள்கைதான். தானியம் ரயிலேறி விலை அதிகமான இடத்துக்குப் போனது, கப்பலேறி வெளிநாட்டுக்கும் போனது. நிவாரண வேலைக்கு வந்த ஆண்களுக்கு ஒரு நாளைக்கு ஒரு பவுண்டு தானியமும் கொஞ்சம் காசும் போதும் என்று சர் ரிச்சர்ட் டெம்பிள் 1877-ல் கூலியைக் குறைத்தார். ஒரு பவுண்டு என்றால் அரைக் கிலோகூட இல்லை. அதைச் சாப்பிட்டுவிட்டு நாள் முழுக்க மண் வெட்டவேண்டும்.

காவிரித் தண்ணீர் பாய்கிற தஞ்சை ஜில்லா மற்ற இடங்களைவிடத் தப்பியது. தப்பியதாலேயே நாலா பக்கமிருந்தும் பசித்தவர்கள் அங்கே வந்தார்கள், நெல் விலையும் ஏறியது. நெல் வைத்திருந்தவர்களுக்கு அது லாபக் காலம். முன்சீப் வேலையை விட்டுவிட்ட வேதநாயகம் அப்போது மாயூரத்தில் இருந்தார். கஞ்சித் தொட்டி வைத்து ஊற்றினார், சொந்தப் பணத்தைச் செலவழித்தார். அதைப் பார்த்துப் பாட்டுப் பாடியவர் யார் தெரியுமா? நந்தனார் சரித்திரக் கீர்த்தனை எழுதிய கோபாலகிருஷ்ண பாரதியார். சிதம்பரம் நடராஜரைப் பாடிய வாயால் ஒரு கத்தோலிக்க முன்சீபைப் பாடினார். மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளை ஏற்கெனவே அவர் மேல் "குளத்தூர்க் கோவை" பாடியிருந்தார். வேதநாயகமும் சும்மா இல்லை, திருவாவடுதுறை ஆதீனம் சுப்பிரமணிய தேசிகரைப் பாராட்டிச் செய்யுள் எழுதினார். யாரும் யாரையும் மதம் மாறச் சொல்லவில்லை, தன் மதத்தை விட்டுக்கொடுக்கவும் இல்லை.

பஞ்சம் முடியும் தறுவாயில், 1878-ல், அவருடைய "சர்வ சமய சமரசக் கீர்த்தனைகள்" வந்தது. எந்த மதத்துக் கடவுள் பெயரும் சொல்லாமல், எவரும் பாடும்படி துதி. அதில் பஞ்சத்தைப் பற்றிய பாட்டுகளும் உண்டு. குடும்பத்தைப் பற்றியும், உத்தியோகத்தைப் பற்றியும் உண்டு. தேவமாதாவுக்கு அந்தாதி பாடிய அதே ஆள்தான் இதையும் பாடினார். கர்நாடக சங்கீத மேடையில் இன்றும் அவர் கீர்த்தனைகள் ஒலிக்கின்றன. கேட்பவர்களில் எத்தனை பேருக்கு எழுதியவர் கிறிஸ்தவர் என்று தெரியுமோ!

இந்த இடத்தில் நம்ம ஊர்ப் பக்கம் ஒரு நிமிஷம் திரும்பலாம். நெய்வேலியிலிருந்து கொஞ்ச தூரத்தில் இருக்கிற வடலூரில் வள்ளலார் சத்திய தருமசாலையைத் தொடங்கியது 1867 மே 23. அன்று மூட்டிய அடுப்பு இன்றுவரை அணையவில்லை என்பதும், யார் போனாலும் சாப்பாடு உண்டு என்பதும் நமக்கெல்லாம் தெரிந்ததுதான். வள்ளலாரும் முன்சீபும் சமகாலத்தவர்கள், மூன்றே வயது வித்தியாசம். ஒருவர் ஜோதியைக் கும்பிட்டார், ஒருவர் மாதாவைக் கும்பிட்டார். இருவரும் கடைசியில் வந்து நின்ற இடம் அடுப்பங்கரை.

எனக்குப் புரிந்தது

சாஸ்திரியாரைச் சின்னவராக்கி முன்சீபைப் பெரியவராக்குவது என் நோக்கம் இல்லை. முன்சீபும் பெயருக்குப் பின்னால் "பிள்ளை"யை வைத்துக்கொண்டுதான் வாழ்ந்தார். சாஸ்திரியார் மட்டும் இல்லாவிட்டால் தமிழ்க் கிறிஸ்தவர்கள் ஜெர்மன் ராகத்திலும் இங்கிலீஷ் ராகத்திலும் மட்டுமே பாடிக்கொண்டிருப்பார்கள். அன்றாட வேலையின் தாளத்தில் கடவுளைப் பாடலாம் என்று காட்டியவர் அவர். அது சின்ன விஷயம் இல்லை.

ஆனால் பாட்டு எவ்வளவு அன்றாடமாக இருந்தாலும், பக்கத்தில் யார் உட்காரலாம் என்ற கேள்விக்குப் பாட்டு பதில் சொல்லாது. அதற்கு மனிதன்தான் நகர்ந்து இடம் கொடுக்கவேண்டும். முன்சீபின் பதிலில் எனக்குப் பிடித்தது இதுதான்: அவருடைய பக்தியை அவர் பாட்டைக் கேட்காத ஆள்கூட உணர்ந்திருப்பான். வழக்கில் லஞ்சம் கொடுக்காமல் ஜெயித்தவன் உணர்ந்திருப்பான். தமிழில் தீர்ப்பைப் படித்துப் புரிந்துகொண்டவன் உணர்ந்திருப்பான். தொட்டிக் கஞ்சி குடித்தவன் உணர்ந்திருப்பான். அவர்களுக்கு அவர் எந்தச் சர்ச்சுக்குப் போனார் என்பதே தெரிந்திருக்க வேண்டியதில்லை.

என் வகுப்பில் படிக்கிறவர்கள் பாதிப் பேர் நாளைக்கு ஏதாவது ஒரு மேசைக்குப் பின்னால் உட்காரப் போகிறோம். பேங்க், ஆடிட் ஆபீஸ், அரசாங்கம், இல்லையென்றால் நம்ம என்.எல்.சி.யிலேயே ஒரு பில் பாஸ் பண்ணுகிற சீட். எந்தச் சாமியை வேண்டுமானாலும் கண்ணாடிக்கு அடியில் வைத்துக்கொள்ளலாம், வைக்காமலும் இருக்கலாம். எதிரே நிற்கிற ஆளுக்கு அந்தப் படம் முக்கியம் இல்லை. தன் ஃபைல் நியாயமாக நகருமா என்பதுதான் அவருக்கு முக்கியம். ஏற்றம் இறைப்பவன் கணக்குத் தப்பாமல் இருக்கப் பாடினான். நாமும் கணக்கு எழுதப் போகிறவர்கள்தான்.

உங்கள் ஊர்ப் பக்கம் இப்படி மேசைக்குப் பின்னாலோ, வயலிலோ, கடையிலோ பக்தியை வாழ்ந்து காட்டிய மனிதர்கள் இருந்தால், எந்த மதமானாலும் சரி, எழுதுங்கள். தெரிந்துகொள்ள ஆசை.